காம்போ: ஒரு கடைத்தெருச் சொல்லின் வரலாறு

பெங்களூரு எஸ்.பி. ரோட்டிலும் சென்னை ரிச்சி தெருவிலும் கணினி உதிரிபாகம் விற்போரிடையே 'காம்போ' என்றொரு சொல் வழங்குகிறது. நுண்செயலி, அதைத் தாங்கும் தாய்ப்பலகை, பல வேளைகளில் நினைவகப் பட்டை ஆகியவற்றை ஒரே விலைக்குள் அடக்கிய தொகுதியை அது குறிக்கும். இதே சொல் உணவகப் பட்டியலிலும் உண்டு. அங்கே அது சலுகையின் பெயர். வேண்டாதவர் பிரியாணியை மட்டும் வாங்கிக்கொண்டு போகலாம். கணினிக் கடையில் அது பெரும்பாலும் கட்டாயத்தின் பெயர். நுண்செயலியை மட்டும் மாற்ற வருபவரிடம் பலகையையும் மாற்றியாக வேண்டும் என்று சொல்லும் நிலை எப்படி வந்தது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

இக்கேள்வி மிகுதியாக எழும் ஊர்களுள் சந்தாபுரா ஒன்று. ஓசூர் நெடுஞ்சாலையிலிருந்து ஆனேக்கல்லுக்குச் சாலை பிரியும் இடத்தில் உள்ள இவ்வூர், ஒருபுறம் பொம்மசந்திரா தொழிற்பேட்டையையும் எலக்ட்ரானிக் சிட்டியையும், மறுபுறம் அத்திப்பள்ளி வழியாகத் தமிழ்நாட்டு எல்லையையும் பார்த்துக் கிடக்கிறது. 1970களின் இறுதியில் கியோனிக்ஸ் நிறுவனத்தின் தலைவராயிருந்த ஆர்.கே. பாலிகாவின் முனைப்பால் எலக்ட்ரானிக் சிட்டி உருப்பெற்றபோது ஆனேக்கல் வட்டம் கேழ்வரகு விளையும் நிலமாக இருந்தது. இன்று அங்கே வாடகைக்கு இருக்கும் பொறியாளர்களும் தொழிலாளர்களும் மாணவர்களும் கன்னடம், தமிழ், தெலுங்கு, இந்தி என எல்லாம் பேசுகிறார்கள். ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன் கூட்டிப் பூட்டிய விளையாட்டுக் கணினி ஒன்று அவர்களுள் பலரது அறைகளில் இருக்கும். புதிய விளையாட்டுகள் திணறத் தொடங்கும்போது, வரைகலை அட்டையை மாற்றியும் பயன் குறைவாக இருந்தால், பார்வை நுண்செயலியின் பக்கம் திரும்புகிறது. கடையில் கணக்குப் போடும்போதுதான் நுண்செயலியோடு பலகை, பலகையோடு நினைவகம், சில வேளைகளில் குளிர்விப்பான், பழைய பலகையோடு பிணைந்த விண்டோஸ் உரிமம் என்று பட்டியல் நீள்கிறது. தொழில்நுட்பம் வளர்ந்துவிட்டது, பழையது பொருந்தாது என்பது கடைக்காரர் தரும் விளக்கம். அதில் பாதி உண்மை.

மறுபாதிக்குப் போகுமுன் சொற்களைப் பற்றிச் சிறிது. 'செயலி' என்ற சொல் முதலில் பிராசஸருக்கு உரியதாக இருந்தது. திறன்பேசிகள் பரவிய பின் அது 'ஆப்' என்பதற்கு நிலைபெற்றுவிட்டதால், இங்கே நுண்செயலி என்றே எழுத வேண்டியிருக்கிறது. பேச்சு வழக்கில் இன்னொரு விந்தை உண்டு. 'சிபியூ' என்பது மைய நுண்செயலியின் ஆங்கிலச் சுருக்கம். ஆனால் இந்தியாவெங்கும் அது மேசைக்கடியில் நிற்கும் பெட்டி முழுவதையும் குறிக்கும் ஆகுபெயராகிவிட்டது. பெட்டியைத் திறந்து பார்க்காத பயனருக்குத் திரை, விசைப்பலகை, சிபியூ என்ற மூன்றே உறுப்புகள். அப்பெட்டிக்குள் நுண்செயலி தனிப்பொருள் என்பதை அவர் உணர்வது, அது தனியாகக் கிடைக்காது என்று கேள்விப்படும் நாளில்தான்.

1981 ஆகஸ்டில் ஐபிஎம் தன் தனிநபர் கணினியை வெளியிட்டபோது அதன் முதன்மைப் பலகையில் இன்டெல் 8088 நுண்செயலி ஒரு துளைப்பொருத்தியில் அமர்ந்திருந்தது. அருகே 8087 கணிதத் துணைச்செயலிக்கு ஒரு பொருத்தி காலியாகவே விடப்பட்டிருந்தது. பின்னாளில் பணம் சேரும்போது வாங்கிச் செருகிக்கொள்ளலாம் என்ற வாக்குறுதியே அந்தக் காலியிடம். ஐபிஎம் இன்னொரு நிபந்தனையும் விதித்திருந்தது. ஒரே நிறுவனத்தை நம்பிச் சில்லு வாங்க அது விரும்பவில்லை. அதே சில்லைச் செய்து தர இரண்டாவது ஆலை வேண்டுமென்றது. அதன் விளைவாக 1982இல் இன்டெலும் ஏஎம்டியும் ஒப்பந்தம் செய்துகொண்டன. இன்டெல் வடிவமைத்த 8086, 8088, 80286 ஆகியவற்றை ஏஎம்டியும் செய்து விற்றது. இருவர் சில்லும் ஒரே பொருத்தியில் பொருந்தின. இப்பொருத்தம் பொறியியலால் மட்டும் வந்ததன்று. பெரிய வாடிக்கையாளர் ஒருவரின் அச்சமும் ஓர் ஒப்பந்தமும் சேர்ந்து அதை உண்டாக்கின.

அந்த ஒப்பந்தம் நெடுநாள் நீடிக்கவில்லை. 80386 நுண்செயலியின் வடிவமைப்பை இன்டெல் பகிர மறுத்தது. 1987இல் ஏஎம்டி நடுவர் விசாரணைக்குச் சென்றது. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே, 1991இல், தானே உருவாக்கிய ஏஎம்386 சில்லை அது சந்தைக்குக் கொண்டுவந்தது. 1994இன் கடைசி நாள்களில் கலிபோர்னியா உச்சநீதிமன்றம் நடுவரின் தீர்ப்பை உறுதிசெய்தது; 1995 தொடக்கத்தில் இரு நிறுவனங்களும் சமரசம் கண்டன. எட்டாண்டுச் சச்சரவின் பயன் அடுத்து வந்த தலைமுறையில் வெளிப்பட்டது.

அதுதான் 'சாக்கெட் 7'. 1990களின் நடுவில் வழக்குக்கு வந்த இப்பொருத்தியில் 321 துளைகளும் பக்கவாட்டில் ஒரு நெம்புகோலும் உண்டு. நெம்புகோலை உயர்த்தினால் சில்லு வலிமையின்றி வெளியே வரும். இன்டெலின் பென்டியம், ஏஎம்டியின் கே5, கே6, சைரிக்ஸின் 6எக்ஸ்86 ஆகிய மூன்று நிறுவனச் சில்லுகளும் இதில் அமர்ந்தன. பலகை வாங்கிய ஒருவர் பின்னர் எந்த நிறுவனத்திடம் நுண்செயலி வாங்குவது என்பதைத் தாமே முடிவுசெய்ய முடிந்தது. மின்னழுத்தத்தைப் பலகையின் சிறு இணைப்பிகளை மாற்றிச் சரிசெய்ய வேண்டியிருந்தது. தவறினால் சில்லு கருகும். அத்தொல்லையை ஏற்றுக்கொண்டவருக்குப் பின்னாளில் கிடைக்காத சுதந்திரம் கிடைத்தது.

இந்தக் கட்டத்தில் புணேயில் பிறந்து தில்லியில் பொறியியல் படித்த வினோத் தாமின் பங்கு சுவையானது. இன்டெலில் பென்டியம் திட்டத்தை வழிநடத்தியவர் அவர். பின்னர் அங்கிருந்து விலகி நெக்ஸ்ஜென் என்ற சிறு நிறுவனத்துக்குச் சென்றார். நெக்ஸ்ஜெனின் என்எக்ஸ்586 திறமான சில்லுதான். ஆயினும் அது பென்டியம் பலகைகளில் பொருந்தாது, தனக்கென்று தனிப் பலகை கேட்கும். அதனால் சந்தை சுருங்கிப்போயிற்று. 1996இல் ஏஎம்டி நெக்ஸ்ஜெனைத் தன்னோடு இணைத்துக்கொண்டபோது, அங்கே உருவாகிவந்த அடுத்த சில்லு சாக்கெட் 7இல் அமருமாறு திருத்தப்பட்டது. 1997 ஏப்ரலில் அது கே6 என்ற பெயரில் வெளிவந்தது. பென்டியத்தை உருவாக்கியவர்களுள் ஒருவரின் கைவண்ணமே பென்டியத்துக்குரிய இருக்கையில் போட்டியாளராக வந்து அமர்ந்தது. பொருந்தும் சில்லு விற்கும், பொருந்தாத சில்லு எவ்வளவு சிறந்ததாயினும் தேங்கும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்வு இத்துறையில் அரிது.

ஒரே மாதம் கழித்து, 1997 மே மாதத்தில், இன்டெல் வழியை மாற்றியது. பென்டியம் 2 சில்லு துளைப்பொருத்தியை விட்டு, ஒலிநாடாப் பெட்டி போன்றதொரு உறைக்குள் ஏறி, 'ஸ்லாட் 1' என்னும் நீண்ட பிளவில் செருகப்பட்டது. இடைமாற்று நினைவகத்தைச் சில்லின் அருகிலேயே வைக்க வேண்டும் என்ற பொறியியல் காரணம் அதற்கு இருந்தது. அப்பிளவும் அதனுள் ஓடிய தடமும் காப்புரிமையால் வேலியிடப்பட்டிருந்தன என்பதும், போட்டியாளருக்கு அவற்றின் உரிமம் கிட்டவில்லை என்பதும் அதே அளவு உண்மை. ஏஎம்டி சிறிது காலம் பழைய சாக்கெட் 7ஐயே வேகப்படுத்தி 'சூப்பர் சாக்கெட் 7' என ஓட்டியது. 1999இல் அத்லான் சில்லுக்கென 'ஸ்லாட் ஏ' கொண்டுவந்தது. ஸ்லாட் 1, ஸ்லாட் ஏ இரண்டின் உடற்பகுதியும் ஒன்றே. மின்னிணைப்பு மட்டும் வேறு. ஒரே அச்சில் வார்த்த பூட்டுக்கு இரு வேறு சாவிகள் என்ற இந்தக் காட்சியோடு பொதுப்பொருத்தியின் காலம் முடிந்தது. அதன்பின் பலகை வாங்குபவர் நிறுவனத்தையும் சேர்த்தே தேர்ந்தெடுக்கிறார்.

கடைக்காரர் சொன்ன பாதி உண்மைக்கு இங்கே இடம் தர வேண்டும். முற்காலத்தில் நினைவகத்தைக் கட்டுப்படுத்தும் சுற்று தாய்ப்பலகையில் தனிச் சில்லாக இருந்தது. 2003இல் அத்லான் 64 வழியாக ஏஎம்டியும், 2008இல் முதல் கோர் ஐ7 வழியாக இன்டெலும் அச்சுற்றை நுண்செயலிக்குள்ளேயே கொண்டுபோயின. விளையாட்டுகளுக்கு இது பெரும் நன்மை. நினைவகத்தை எட்டும் தாமதம் குறைந்தது. ஆனால் நினைவகத்தின் வகை மாறும்போதெல்லாம் நுண்செயலியும், அதன் தொடுமுனைகளும், பலகையும் மாற வேண்டிய நிலை அதனோடு வந்தது. டிடிஆர்2க்கு ஏஎம்2, டிடிஆர்3க்கு ஏஎம்3, டிடிஆர்4க்கு ஏஎம்4, டிடிஆர்5க்கு ஏஎம்5 என்று ஏஎம்டியின் பொருத்திப் பெயர்கள் நினைவகத் தலைமுறைகளின் அட்டவணைபோலவே அமைந்திருக்கின்றன. இங்கும் விதிவிலக்கு உண்டு. 2009இல் வந்த ஏஎம்3 சில்லுகளில் இருவகைக் கட்டுப்பாட்டுச் சுற்றும் இருந்ததால், அவை பழைய ஏஎம்2+ பலகையிலும் ஓடின. மனம் இருந்தால் மார்க்கம் இருந்தது என்பதற்கு இது சான்று.

இந்த மாற்றங்கள் இந்தியக் கடைத்தெருவுக்கு வந்த வழி தனிக்கதை. 1984ஆம் ஆண்டின் புதிய கணினிக் கொள்கை இறக்குமதித் தளைகளைத் தளர்த்தியது. 1991க்குப் பின் அவை மேலும் தளர்ந்தன. உலக வணிக அமைப்பின் தகவல் தொழில்நுட்ப உடன்பாட்டில் 1997இல் இந்தியா சேர்ந்தபின், கணினிக்கும் உதிரிபாகங்களுக்கும் இருந்த சுங்கவரி படிப்படியாக நீங்கியது. வானொலி உதிரிபாகங்களுக்குப் பேர்பெற்றிருந்த ரிச்சி தெருவும், சதர் பத்ரப்பா சாலை என்ற முழுப்பெயரை எவரும் சொல்லாத எஸ்.பி. ரோடும், தில்லி நேரு பிளேசும் கணினிச் சந்தைகளாயின. 'அசெம்பிள்டு' என்னும் கணினி வகை அங்கே பிறந்தது. பெயர்பெற்ற நிறுவனக் கணினியை வாங்க இயலாத குடும்பங்கள், இணைய நிலையங்கள், அச்சகங்கள், தட்டச்சுப் பயிலகங்கள் ஆகியவற்றுக்குக் கணினி இவ்வழியாகவே வந்தது. அசெம்பிள்டு கணினியின் பொருளாதாரமே உறுப்புகளைத் தனித்தனியே மாற்றலாம் என்ற நம்பிக்கையின் மேல் நின்றது. இவ்வாண்டு நினைவகம், அடுத்த ஆண்டு நுண்செயலி, தீபாவளிக்குத் திரை என்று தவணை முறையில் ஒரு கணினி வளரும்.

மேலைநாட்டு நூல்கள் பொதுவாகக் கவனிக்காத ஒன்றும் இங்கே நிகழ்ந்தது. நுண்செயலி எளிதில் பழுதாவதில்லை. மின்னழுத்த ஏற்ற இறக்கம், தூசு, வெப்பம், உப்பிய மின்தேக்கி ஆகியவற்றுக்குப் பலியாவது பலகைதான். எனவே நம் சந்தையில் எதிர்த்திசைக் கேள்வி வலுவாக எழுந்தது: பழைய சில்லுக்குப் புதிய பலகை கிடைக்குமா? இன்டெல் கைவிட்ட ஜி41, எச்61 போன்ற தொகுதிகளுக்கான புதிய பலகைகள், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜெப்ரானிக்ஸ் உள்ளிட்ட பெயர்களில், பல ஆண்டுகள் கழித்தும் விற்பனையாயின. பழைய சர்வர்களிலிருந்து கழற்றிய ஜியான் சில்லுகளுக்கெனச் சீனாவில் செய்யப்படும் எக்ஸ்99 பலகைகள் இப்போது குறைந்த செலவில் விளையாட்டுக் கணினி கட்டுவோரை ஈர்க்கின்றன. முதன்மைச் சந்தையில் மேம்படுத்தல் என்பது முன்னோக்கிய ஓட்டம். இரண்டாம் சந்தையில் அது பெரும்பாலும் இருப்பதைக் காத்தல்.

பெங்களூரு இச்சந்தையின் நுகர்வு முனையில் மட்டும் நிற்கவில்லை என்பதுதான் இக்கதையின் எதிர்பாராத பகுதி. இன்டெல் தன் சர்வர் நுண்செயலி ஒன்றை இந்நகரில் வடிவமைக்கத் தொடங்கி, நகரின் கிழக்குப் புறநகரான ஒயிட்ஃபீல்டின் பெயரையே அதற்குச் சூட்டியிருந்தது. புதிய இணைப்புத் தடத்தையும் அதனால் புதிய பலகையையும் வேண்டிநின்ற அத்திட்டம் 2005இல் கைவிடப்பட்டது. அதன்பின் பெங்களூரு மையத்தில் உருவானது டன்னிங்டன். ஆறு கருக்களும் ஏறத்தாழ 190 கோடி டிரான்சிஸ்டர்களும் கொண்ட இச்சில்லு, ஜியான் 7400 என்ற பெயரில் 2008 செப்டம்பரில் வெளிவந்தது. முந்தைய ஜியான் 7300 சில்லுக்கென விற்கப்பட்டிருந்த பலகைகளிலேயே அது அமர்ந்தது. பழையதைக் கழற்றி, பயாஸ் மென்பொருளைப் புதுப்பித்து, இதைப் பொருத்தினால் போதும். பெங்களூரில் பிறந்த அந்தச் சில்லு பலகையை மாற்றச் சொல்லவில்லை. அது நிறுவனங்களின் சர்வர்களுக்கானது. விளையாட்டு ரசிகருக்கு எட்டாதது. கோடிக்கணக்கில் வாங்கும் வாடிக்கையாளருக்குக் கிடைக்கும் பொருத்தம், ஒன்று மட்டும் வாங்குபவருக்குக் கிடைப்பதில்லை என்ற ஐயத்தை அது எழுப்புகிறது. 1981இல் ஐபிஎம் கேட்டுப் பெற்றதும் அத்தகையதே.

தனிப்பயனர் பக்கத்தில் இதற்கு இரண்டு சோதனைகள் நடந்தன. 2015இல் இன்டெல் எல்ஜிஏ 1151 பொருத்தியைக் கொண்டுவந்தது. 2017 அக்டோபரில் வந்த எட்டாம் தலைமுறைச் சில்லுகளும் அதே 1151 முனைகளோடு அதே அளவில் இருந்தன. ஆயினும் அவற்றுக்குப் புதிய 300 வரிசைப் பலகைகளே வேண்டுமென்று அறிவிக்கப்பட்டது. கருக்களின் எண்ணிக்கை கூடியதால் மின்வழங்கல் முனைகள் மாற்றப்பட்டன என்பது இன்டெல் தந்த காரணம். பயாஸை மாற்றியமைத்துப் பழைய பலகைகள் சிலவற்றில் அச்சில்லுகளை ஆர்வலர்கள் ஓட்டிக் காட்டினார்கள். மின்வழங்கல் பற்றிய காரணம் பொய்யென்று அதனால் ஆகிவிடாது. அதுவே முழுக் காரணமா என்ற கேள்வி மட்டும் நின்றுவிட்டது.

அதே 2017இல் ஏஎம்டி முதல் ரைசன் சில்லுகளை ஏஎம்4 பொருத்தியில் வெளியிட்டது. 2020 வரை இப்பொருத்தியைத் தொடர்வோம் என்றும் வாக்களித்தது. வாக்கைக் காப்பது எளிதாக இருக்கவில்லை. பயாஸ் பழையதாக இருந்தால் புதிய சில்லைப் பலகை அறியாது. அதைப் புதுப்பிக்கவோ ஓடக்கூடிய பழைய சில்லு வேண்டும். 2018இல் இச்சிக்கலுக்கு உள்ளானவர்களுக்கு ஏஎம்டி தற்காலிகமாக ஒரு சில்லை இரவலாக அனுப்பியது. 2020 மே மாதத்தில், அடுத்து வரும் ஜென் 3 சில்லுகள் 400 வரிசைப் பலகைகளில் இயங்கா என்று அது அறிவித்தது. பயாஸ் சேமிப்புச் சில்லில் இடம் போதாது என்பது காரணம். பலகை வாங்கியோர் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அதே மாதத்தில் முடிவு மாற்றிக்கொள்ளப்பட்டது. முடியாது என்று அறிவிக்கப்பட்டது இரண்டே வாரங்களில் முடிந்தது. 2022 ஏப்ரலில் 96 எம்பி இடைமாற்று நினைவகத்தோடு வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி, விளையாட்டுகளில் அக்காலத்தின் முன்னணிச் சில்லுகளுள் ஒன்று. 2017இல் வாங்கிய பல பலகைகளிலும் பயாஸ் புதுப்பித்தபின் அது ஓடியது.

சந்தாபுராவின் அறைகளில் உள்ள கணினிகளுக்கு இந்த வரலாறு நேரடிப் பொருளுடையது. ஏஎம்4 பலகை இருந்தால் காம்போவைத் தவிர்க்க வழியுண்டு. பலகையின் சரியான மாதிரிப் பெயரைக் குறித்துக்கொண்டு, அதைச் செய்த நிறுவனத்தின் நுண்செயலிப் பட்டியலில் எந்தப் பயாஸ் பதிப்பு முதல் எந்தச் சில்லு இயங்கும் என்று பார்த்து, பழைய சில்லைக் கழற்றுமுன்னரே பயாஸைப் புதுப்பித்தால் போதும். மலிவுப் பலகையின் மின்வழங்கல் சுற்று பதினாறு கருச் சில்லைத் தாங்குமா என்பதையும் பார்க்க வேண்டும். ஆறாம், ஏழாம் தலைமுறை இன்டெல் பலகை வைத்திருப்பவருக்கு அந்த வழி இல்லை. அவருடைய கணினி விண்டோஸ் 11இன் தகுதிப் பட்டியலுக்கும் பெரும்பாலும் வெளியே நிற்கிறது. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுற்றதால், வேகக் குறைவு இல்லாவிட்டாலும் மாற்றம் அவரை நெருக்குகிறது. அதே ஆண்டின் கடைசி மாதங்களில், செயற்கை நுண்ணறிவு மையங்களின் தேவையால் நினைவகச் சில்லுகளின் விலை கடுமையாக உயர்ந்தது. ஏஎம்5க்கு மாறுவோர் டிடிஆர்5 வாங்கியே ஆக வேண்டும். டிடிஆர்4ஐத் தாங்கும் பழைய பலகையின் மதிப்பு அதனாலேயே கூடியிருக்கிறது.

2025 ஆகஸ்டில் மஞ்சள் தட மெட்ரோ திறக்கப்பட்டபின், பொம்மசந்திராவில் ஏறி ஆர்.வி. ரோட்டில் பச்சைத் தடத்துக்கு மாறினால் எஸ்.பி. ரோட்டுக்கு அருகிலேயே இறங்கலாம். கைப்பையில் எடுத்துச்செல்லும் பழைய பலகைக்கு அங்கே ஒரு விலை உண்டு. வேலை செய்தால் அது இன்னொரு கணினிக்குப் போகும். செய்யாவிட்டால் எடைக்குப் போகும்; அதிலுள்ள செம்பும் சிறிதளவு தங்கமும் பிரித்தெடுக்கப்படும். மின்கழிவுக்கான முதல் தனி விதிகள் 2012 மே முதல் நடைமுறைக்கு வந்தன. 2022இன் புதிய விதிகள் 2023 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ளன. பொருளைச் சந்தைக்குக் கொண்டுவந்த நிறுவனமே அதன் கழிவுக்கும் பொறுப்பு என்பது அவற்றின் அடிப்படை. பெங்களூருக்கு வடமேற்கே தாபஸ்பேட்டையில் இ-பரிசரா என்னும் முறைப்படி அனுமதி பெற்ற மறுசுழற்சி ஆலை 2005 முதல் இயங்குகிறது. நிறுவனக் கணினிகளை அத்தகைய ஆலைகளுக்கு அனுப்புவது ஒப்பீட்டளவில் எளிது. அவற்றின் மேல் ஒரே பெயர் இருக்கும். அசெம்பிள்டு கணினியின் பலகை ஒரு நிறுவனத்துடையது, சில்லு மற்றொன்றுடையது, பெட்டியோ பெயரற்றது. அதற்கு உரியவர் யார் என்ற கேள்விக்கு இப்போதைக்கு விடைசொல்லிக்கொண்டிருப்பவர் தெருவில் தராசோடு வரும் பழைய இரும்பு வியாபாரிதான்.